அம்மாவின் வலது கண்ணில் 23 பவர் லென்ஸ்: கணக்கு எங்கே பிசகியது?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி), ஜனவரி 18

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு கார்டில் 66 வயது. சிலோனில் பிறந்தவர், உண்மை வயது அவருக்கே தெரியாது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் நன்றாக முத்தி, கை அசைவது மட்டும்தான் தெரிகிறது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "மேகம் எறங்கியிருக்குன்னு நெனச்சேன்" என்றார். எங்கள் ஊரில் பாதி நாள் மேகம்தான், அதனால் நாங்களும் கவனிக்கவில்லை.

ஆறு வாரத்துக்கு முன் கீழே ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. புண் ஆறிவிட்டது. சிவப்பு இல்லை, வலி இல்லை. ஆனால் போன வாரம் கண்ணாடி சோதித்தபோது அந்தக் கண்ணில் மைனஸ் 1.50 வந்தது. தூரப் பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது கேட்டால் "சிலருக்கு அப்படி வரும்மா" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதிர் வளைவில் வரும் பஸ்ஸின் போர்டு தெரியவில்லை.

அடுத்த மாதம் இடது கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதிலும் இப்படி ஆனால் என்ன செய்வது? வேறு யாருக்கோ வைக்க வேண்டிய லென்ஸை வைத்துவிட்டார்களா? இந்தப் பவரை எப்படித்தான் கணக்கிடுகிறார்கள்?

கேத்திக்காரன் (கேத்தி), ஜனவரி 18

இதில் கணக்கு என்ன இருக்கிறது? இலவசத் திட்டத்தில் சாதா லென்ஸ் வைத்திருப்பார்கள். காசு கட்டி வெளிநாட்டு லென்ஸ் வாங்கியிருந்தால் இப்படி ஆகாது. என் மாமனாருக்கு நல்லதாகப் பார்த்து வைத்தோம், இன்றைக்குக் கண்ணாடியே கிடையாது. எந்த ஆஸ்பத்திரி என்று பெயரைப் போடுங்கள், நாலு பேருக்குத் தெரியட்டும்.

மட்டுறுத்துநர், ஜனவரி 18

பெயர் போட வேண்டாம். போட்டால் இழையைப் பூட்டிவிடுவேன். எல்லாருக்கும் தெரிந்த விதிதான்.

ஏஸ்கேன்அக்கா (குன்னூர்), ஜனவரி 19

கேத்தி அண்ணா, விலைக்கும் பவருக்கும் சம்பந்தம் இல்லை. எட்டாம் நம்பர் காலுக்கு ஆறாம் நம்பர் செருப்பைக் கொடுத்தால், அது எவ்வளவு உசத்தியான தோலாக இருந்தாலும் கடிக்கத்தான் செய்யும். விலை ஏற ஏற மடிகிற லென்ஸ் கிடைக்கும், ஓரம் நன்றாக இருக்கும், இரவில் வெளிச்சம் சிதறுவது குறையலாம். ஆனால் பெட்டியில் 21 என்று போட்டிருந்தால் எந்த லென்ஸும் 21தான். எந்த நம்பரை எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வேறு வேலை. அந்த வேலையைத்தான் நான் பதினெட்டு வருடம் கீழே ஒரு கண் மருத்துவமனையில் செய்தேன்.

தம்பி, அதில் இருப்பது இரண்டு அளவும் ஒரு அனுமானமும்.

முதல் அளவு, கண்ணின் நீளம். கருவிழியின் முன்பக்கத்தில் இருந்து பின்னால் விழித்திரை வரை. பெரும்பாலோருக்கு 23, 24 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இரண்டாவது, கருவிழியின் வளைவு. இதைத்தான் கே ரீடிங் என்போம், இரண்டு திசையில் எடுப்போம். சராசரி 43, 44 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு). மூன்றாவது விஷயத்தை அளக்க முடியாது. ஆபரேஷன் முடிந்து எல்லாம் ஆறிய பிறகு லென்ஸ் கண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் போய் உட்காரும் என்பதுதான் அது. நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்வது ஜாதகம் மாதிரிதான், ஆனால் ஆயிரக்கணக்கான கண்களின் முடிவை வைத்து எழுதிய ஜாதகம். ஒவ்வொரு சூத்திரமும் மற்றதில் இருந்து வேறுபடுவது முக்கியமாக இந்த இடத்தில்தான்.

ஆனால் என் அனுபவத்தில் பெரிய பிசகு சூத்திரத்தில் வராது, அளவில்தான் வரும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் லென்ஸ் பவர் இரண்டரை டயாப்டர் தவறும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு கடுகு அளவு கூட இல்லை.

மருத்துவமனையில் அளவுத் தாளின் நகல் கேளுங்கள். சண்டை வேண்டாம், "அடுத்த கண்ணுக்காக வேண்டும்" என்று கேட்டாலே கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதையும் பாருங்கள். புரை வருவதற்கு முன்னால் அம்மா போட்ட பழைய கண்ணாடி வீட்டில் இருந்தால் அதன் நம்பரும் வேண்டும்.

மலைரயில்வாத்தியார் (உதகை), ஜனவரி 19

அக்கா சொன்னதற்கு ஒரு சின்ன இணைப்பு. இயற்பியல் வாத்தியாரிடம் இந்த விஷயத்தைப் பேசவிட்டால் நிறுத்துவது கஷ்டம், மன்னிக்கவும்.

லென்ஸ் வைக்கும் வழக்கம் வரும் முன்பு, புரையை எடுத்துவிட்டு பிளஸ் 10 அளவில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டி அனுப்புவார்கள். என் பாட்டிக்கு அதுதான். அதில் எல்லாமே கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் டம்ளர் அங்கே இருக்காது. கல் படி இறங்குவதென்றால் யாராவது கையைப் பிடிக்க வேண்டும்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று முதல் முறையாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து பிளாஸ்டிக் சில் ஏறிய விமானிகளின் கண்ணில், அந்தச் சில் உறுத்தாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை. கண் பிழைத்தது, கணக்கும் பிழைத்தது. முதல் நோயாளிக்கு ஏறத்தாழ மைனஸ் 18 வந்ததாகப் பதிவு இருக்கிறது. இயற்கையான லென்ஸின் வளைவை ஒட்டியே செய்தார்கள், ஆனால் பிளாஸ்டிக் அதைவிட ஒளியை அதிகமாக வளைக்கும் பொருள். உங்கள் அம்மாவின் 1.50 அதற்கு எவ்வளவோ மேல்!

அதன் பிறகும் வெகுகாலம் பல இடங்களில் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே பவர் லென்ஸைத்தான் வைத்தார்கள். 1967ல் சோவியத் நாட்டில் ஃபியோதரோவ் ஒரு சூத்திரம் எழுதினார். 1980ஐ ஒட்டி சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூவரின் முதலெழுத்தைச் சேர்த்து எஸ்ஆர்கே சூத்திரம் வந்தது. பள்ளிக்கூடப் பையன் போடக்கூடிய கணக்கு அது. ஏ என்ற எண்ணில் இருந்து, நீளத்தின் இரண்டரை மடங்கைக் கழிக்க வேண்டும். அப்புறம் கே அளவின் 0.9 மடங்கைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது லென்ஸ் பவர். ஏ என்பது அந்தந்த லென்ஸ் மாடலுக்கான எண், 118, 119 போல இருக்கும்.

கேத்தி நண்பருக்கு ஒரு வார்த்தை. மதுரையில் ஆரோலேப் 1992ல் லென்ஸ் செய்யத் தொடங்கியதால்தான் நம் ஊர் ஏழைக்கும் கண்ணுக்குள் லென்ஸ் என்பது சாதாரண விஷயம் ஆனது. சாதா லென்ஸ் என்று சொல்வதற்கு முன் அந்த சோடாபுட்டியை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி), ஜனவரி 24

தாள் கிடைத்தது. முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வலது கண்: நீளம் 22.61. கே 43.25, 43.75. முன்னறை ஆழம் 2.61. பக்கத்தில் அல்ட்ராசவுண்ட் என்று எழுதியிருக்கிறது. வைத்த லென்ஸ் 23.0. ஸ்டிக்கரிலும் 23.0தான், அதனால் லென்ஸ் மாறவில்லை.

இடது கண்: நீளம் 23.35. கே 41.75, 43.75. முன்னறை ஆழம் 3.12. ஆப்டிகல் என்று போட்டிருக்கிறது. வைக்கப் போவது 22.0.

ஏ எண் 118.5. வலது கண்ணுக்குக் கீழே பத்து வரிசையில் எண்கள் இருக்கின்றன, 22.3ல் தொடங்கி 22.9 வரை. பழைய கண்ணாடி பீரோவில் கிடைத்தது. கடையில் கொடுத்துப் பார்த்தேன், தூரத்துக்கு இரண்டு பக்கமும் பிளஸ் 0.50.

ஏஸ்கேன்அக்கா (குன்னூர்), ஜனவரி 24

தம்பி, பதில் முழுக்க உன் தாளிலேயே இருக்கிறது.

ஒரே ஆளின் இரண்டு கண்களும் அண்ணன் தம்பி மாதிரி, பெரிய வித்தியாசம் இருக்காது. நீளத்தில் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப அளக்க வேண்டும் என்பது நாங்கள் முதல் வாரத்திலேயே படித்த பாடம். இங்கே 0.74 இருக்கிறது. சிலருக்கு உண்மையாகவே ஒரு கண் நீளமாக இருக்கும், ஆனால் அப்படி இருந்தால் பழைய கண்ணாடியிலும் இரண்டு பக்கமும் வேறு வேறு நம்பர் இருந்திருக்கும். அம்மாவுக்கு இரண்டும் பிளஸ் 0.50. அப்படியானால் அவரது வலது கண் குட்டைக் கண் இல்லை, குட்டையாக அளந்திருக்கிறார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். ஆப்டிகல் கருவி ஒளியால் அளக்கும், கண்ணைத் தொடாது. 1999ல் இருந்து இந்த வகைக் கருவி புழக்கத்தில் இருக்கிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை நம்பலாம். ஆனால் புரை முத்தி அடைத்துக்கொண்டால் ஒளி உள்ளே போகாது. அப்போது அல்ட்ராசவுண்ட் ஏ ஸ்கேன்தான் கதி. அதில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, பேனா மாதிரி ஒரு முனையைக் கருவிழி மேல் வைப்போம். கருவிழி மெத்து மெத்தென்று இருக்கும். லேசாக அழுத்தினாலே 0.1, 0.2, சில சமயம் 0.3 மில்லிமீட்டர் குழிந்துவிடும். அந்த அளவுக்குக் கண் குட்டையாகக் காட்டும். குட்டைக் கண்ணுக்கு அதிகப் பவர் வேண்டும் என்று கணக்கு சொல்லும், மைனஸ் வந்து நிற்கும். இதைத் தவிர்க்கத்தான் கண் மேல் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து, நீர் ஊற்றி, முனை கருவிழியைத் தொடாமல் அளக்கிற முறை இருக்கிறது. அதற்கு நேரம் ஆகும், நோயாளி அசையாமல் படுக்க வேண்டும். வாசலில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் நாளில் கிண்ணத்தை யாரும் எடுப்பதில்லை. நானே எடுக்காத நாட்கள் உண்டு, மறைக்கவில்லை.

முன்னறை ஆழத்தைப் பார், அதாவது கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள தூரம். வலது 2.61, இடது 3.12. அழுத்தினால் முதலில் குறைவது இதுதான். (புரை ஊதிப்போனாலும் முன்னறை குறையும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.) ஆனால் அழுத்தம் ஒன்றே 0.7ஐக் கொண்டுவராது. அந்தக் கண்ணால் விளக்கை நேராகப் பார்த்து நிற்க முடிந்திருக்காது, ஒலி சாய்ந்து போயிருக்கும். பத்து வாசிப்பும் 0.1 மில்லிமீட்டருக்குள் ஒட்டி நிற்க வேண்டும். இங்கே 22.3ல் இருந்து 22.9 வரை ஆடியிருக்கிறது. ஆடுகிற தராசில் சராசரி எடுத்து என்ன பயன்?

இப்போது வாத்தியார் சாரின் கணக்கைப் போடுவோம். 118.5ல் இருந்து 22.61ன் இரண்டரை மடங்கு 56.5ஐக் கழி. கே சராசரி 43.5ன் 0.9 மடங்கு 39.15ஐக் கழி. 22.8 வரும், அதனால் 23 வைத்தார்கள். கணக்கு சரி. நீளம் இடது கண்ணைப் போல 23.35 என்று வைத்துப் போட்டால் 21 வருகிறது. வித்தியாசம் 2 டயாப்டர். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் 1 டயாப்டர் கூடினால் கண்ணாடியில் ஏறத்தாழ 0.7 தெரியும். அப்படியென்றால் 1.4. அம்மாவுக்கு வந்திருப்பது 1.50.

இந்தப் பழைய சூத்திரத்தை இப்போது யாரும் நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. 1990ல் வந்த எஸ்ஆர்கே டி இருக்கிறது. 22க்குக் கீழே உள்ள குட்டைக் கண்ணுக்கு ஹாஃபர் கியூ என்பார்கள். இப்போது ஆஸ்திரேலியாக்காரர் பேரட்டின் சூத்திரம் பல கருவிகளிலேயே வருகிறது. 23ஐ ஒட்டிய கண்ணில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்லும். கையால் போட்டுப் பார்க்க இது போதும், ஆனால் இதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வாதாடப் போகாதே.

முட்டைகோஸ்மண்டி (மேட்டுப்பாளையம்), ஜனவரி 25

குறுக்கே ஒரு சந்தேகம். கீழே அளந்து மேலே வாழ்கிறவர்களுக்கு இதனால் வித்தியாசம் வருமா? லாரியில் சிப்ஸ் பாக்கெட் ஏற்றினால் குன்னூர் தாண்டும்போது பலூன் மாதிரி உப்பிவிடுகிறது. கண்ணும் அப்படி ஏதாவது?

மலைரயில்வாத்தியார் (உதகை), ஜனவரி 25

நல்ல கேள்வி, சிரிக்க வேண்டாம். பாக்கெட்டில் இருப்பது காற்று, கண்ணில் இருப்பது நீர். நீர் உயரத்துக்கு உப்பாது. ஒலி கண்ணுக்குள் நொடிக்குச் சராசரியாக 1550 மீட்டர் வேகத்தில் போகும் என்று கருவியில் வைத்திருப்பார்கள். 23.5 மில்லிமீட்டர் போய்த் திரும்ப 30 மைக்ரோ விநாடி. மதுரையிலும் அதேதான், தொட்டபெட்டா உச்சியிலும் அதேதான்.

குந்தாஅணை (மஞ்சூர்), ஜனவரி 26

வாத்தியார் சொல்வது சாதாரணக் கண்ணுக்குச் சரி. எங்கள் வீட்டில் வேறு கதை.

அண்ணனுக்கு மூன்று வருடம் முன்பு விழித்திரை பிரிந்து கோவையில் ஆபரேஷன். கண்ணுக்குள் வாயு அடைக்கலாம், அல்லது சிலிகான் எண்ணெய் வைக்கலாம் என்றார்கள். டாக்டர் முதலில் கேட்டதே "வீடு எங்கே?" என்றுதான். மஞ்சூர் என்றதும், வாயு வைத்தால் அது கரையும் வரை மலை ஏறக்கூடாது, அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார். கோவை 400 மீட்டர் சொச்சம், உதகை 2240 மீட்டர். ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உள்ளே இருக்கும் வாயு, மண்டிக்காரர் சொன்ன சிப்ஸ் பாக்கெட் மாதிரியே விரியும். கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். கீழே தங்க எங்களுக்கு இடம் இல்லை, அதனால் எண்ணெய் வைத்தார்கள்.

சில மாதத்தில் அதே கண்ணில் புரை வந்தது. எண்ணெய் இருந்தால் வருமாம். லென்ஸ் அளவு எடுக்கப் போன இடத்தில் ஏ ஸ்கேன் 32 என்று காட்டியது! அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வேறு கருவியில் 23.8.

ஏஸ்கேன்அக்கா (குன்னூர்), ஜனவரி 26

சிலிகான் எண்ணெயில் ஒலி நொடிக்கு 980 மீட்டர்தான் ஓடும். கண்ணின் நீரில் 1532. மெதுவாகத் திரும்பி வருவதால், தூரம் அதிகம் என்று கருவி நினைத்துக்கொள்ளும். வேகத்தை மாற்றிக் கணக்கிட வேண்டும், இல்லையென்றால் ஆப்டிகல் கருவிக்குப் போக வேண்டும். எண்ணெய் வைத்திருப்பதைச் சொல்லாமல் உட்கார்ந்த ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். அளக்கும் பெண் கேட்காவிட்டாலும் பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கியமாகக் கண்ணாடி வேண்டாம் என்று லேசர் செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருவிழியின் முன்பக்கத்தைச் செதுக்கியிருப்பார்கள். சாதாரண கே அளவு அங்கே பொய் சொல்லும், அதற்குத் தனிச் சூத்திரம் உண்டு.

வாயு விஷயம் மலைக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. குந்தா தம்பி எழுதியது நல்லதாயிற்று.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி), ஜனவரி 27

அக்கா, கோடி நன்றி. சாதாரணமாகத் தூக்கம் வரும் ஆள் நான், நேற்று கால்குலேட்டரோடு படுத்தேன்.

இரண்டு கேள்வி. வலது கண்ணுக்கு இனி என்ன செய்யலாம்? இடது கண்ணின் 22.0ஐ நம்பலாமா? நீளம் ஆப்டிகலில் எடுத்ததுதானே.

ஏஸ்கேன்அக்கா (குன்னூர்), ஜனவரி 27

இடது கண்ணின் நீளத்தை நம்பு. கே அளவை நம்பாதே.

இடது கண்ணில் மூக்கோரத்தில் இருந்து கருவிழி மேல் சதை ஏதாவது ஏறியிருக்கிறதா?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி), ஜனவரி 27

ஆமாம்! எப்படித் தெரிந்தது? வெள்ளையாக, முக்கோணமாக. பல வருடமாக இருக்கிறது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

ஏஸ்கேன்அக்கா (குன்னூர்), ஜனவரி 28

கே அளவைப் பார்த்தால் தெரியும். வலது கண்ணில் 43.25, 43.75, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இடது கண்ணில் 41.75, 43.75. ஒரு திசை மட்டும் தட்டையாகியிருக்கிறது. அந்தச் சதை கருவிழியை அந்தப் பக்கமாகத் தட்டையாக்கும். வெயிலிலும் காற்றிலும் நின்று வேலை செய்கிறவர்களுக்கு வருவது அது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், பனி மூடியிருந்தாலும் வரும். எஸ்டேட் ஆட்களை அளக்கும்போது நான் கருவியில் கண் வைக்கும் முன்பே அவர்கள் மூக்கோரத்தைப் பார்த்துவிடுவேன்.

இப்போதைய கே சராசரி 42.75. அதை வைத்துப் போட்டால் 21.65 வருகிறது, லேசாக மைனஸ் பக்கம் இருக்கட்டும் என்று 22 எழுதியிருக்கிறார்கள். இந்த லென்ஸை வைத்துவிட்டு, நாளைக்குச் சதை வளர்கிறது என்று அதை எடுத்தால் கருவிழி பழைய வளைவுக்குத் திரும்பும். 43.5 என்று வை. அப்போது வேண்டியிருந்தது 21தான் என்று ஆகும். இந்தக் கண்ணும் மைனஸில் போய் நிற்கும்.

சதை சின்னதாக, ஓரத்திலேயே நின்றால் விட்டுவிடலாம். அம்மாவுக்குக் கே இவ்வளவு மாறியிருப்பதால், முதலில் அதை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் விட்டு, வளைவு நிலைத்த பிறகு அளக்கலாமா என்று டாக்டரிடம் கேள். முடிவு அவருடையது. அளக்கப் போகும் நாளில் கண்ணைத் தொடும் எந்தச் சோதனைக்கும் முன்னால் கே எடுக்கச் சொல். பனிக்காலத்தில் வறண்ட காற்றிலும் விறகடுப்புப் புகையிலும் கண் காய்ந்து கிடக்கும். கண்ணீர்ப் படலம் சீராக இல்லாவிட்டால் கே ஒவ்வொரு தடவையும் ஒன்று காட்டும். காய்ந்திருந்தால் கொஞ்ச நாள் சொட்டு விட்டுக்கொண்டு போகட்டும்.

வலது கண்ணை ஆப்டிகலில் திரும்ப அளக்கச் சொல். இப்போது புரை இல்லை, ஒளி தாராளமாகப் போகும். லென்ஸ் வைத்த கண் என்று கருவியில் மாற்றிக்கொண்டால் போதும். உண்மையான நீளம் தெரிந்துவிடும், இடது கண்ணுக்கு அது சாட்சி. வலது லென்ஸையே மாற்றவும் முடியும், ஆனால் நாள் ஆக ஆக, கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் பை லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடி கண்ணைத் திறக்க வேண்டும். மைனஸ் 1.50க்காக நான் என் அம்மாவுக்குச் செய்யச் சொல்ல மாட்டேன்.

மலைரயில்வாத்தியார் (உதகை), ஜனவரி 28

தம்பி, அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா? அந்தக் கண்ணால் எது நன்றாகத் தெரிகிறது என்று?

மைனஸ் 1.50 என்றால் நூறை ஒன்றரையால் வகுக்க வேண்டும். 67 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமலே பளிச்சென்று தெரியும். செடிக்கும் கண்ணுக்கும் நடுவே கொழுந்து பறிக்கும் கை நீள்கிற தூரம் அது.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி), ஜனவரி 29

கேட்டேன் சார். நான் கேட்காமல் இருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பஸ் போர்டு தெரியவில்லை என்று கவலைப்பட்டது நான்தான். பஸ்ஸை டிரைவரின் ஹாரனை வைத்தே அவருக்குத் தெரியும். "அரிசியில கல்லு தெரியுது, கீரையில புழு தெரியுது, இந்தக் கண்ண விட்டுரு. அந்தக் கண்ணுக்கு மட்டும் படி தெரியுற மாதிரி வைக்கச் சொல்லு" என்கிறார்.

எங்கள் வீடு ரோட்டில் இருந்து 84 படி கீழே.

ஏஸ்கேன்அக்கா (குன்னூர்), ஜனவரி 29

உன் அம்மா என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறார். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் ஒரு கண்ணைக் கிட்டத்துக்கும் வேண்டுமென்றே வைப்பது உண்டு. 1.50 வித்தியாசத்தைப் பெரும்பாலோர் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். மூன்றை நெருங்கினால் தலை சுற்றும். இடது கண்ணுக்குப் பூஜ்யத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். படியைச் சொல்லுங்கள், அரிசியைச் சொல்லுங்கள். தாளில் அது இருக்காது.

கேத்திக்காரன் (கேத்தி), ஜனவரி 30

மாமனாருக்குக் கண்ணாடியே கிடையாது என்று எழுதியிருந்தேன். வீட்டுக்காரி படித்துவிட்டு, "காலையில பேப்பர் படிக்கும்போது மூக்குல இருக்கிறது என்ன?" என்று கேட்டாள். பிளஸ் 2.50. திருத்திக்கொள்கிறேன்.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி), ஜூன் 29

இழையை மேலே கொண்டுவருகிறேன், விவரம் கேட்டு நிறையப் பேர் தனிமடல் போட்டிருந்தீர்கள்.

அதே மருத்துவமனைதான். தாளை எடுத்துக்கொண்டு போனபோது பெரிய டாக்டரே உட்கார்ந்து பேசினார். வலது கண்ணைத் திரும்ப அளந்தார்கள்: 23.30. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "இது எங்கள் பிசகுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா அவருக்கு ஒரு கிலோ வெண்ணெய்ப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிப்ரவரியில் சதையை எடுத்தார்கள். அதன் பிறகு கொழுந்து அதிகம் வரும் நேரம், நானும் லீவு போட முடியாது. மே மாதம் சீசன் கூட்டத்தில் ரோடே நகரவில்லை. ஒருவழியாக ஜூன் முதல் வாரத்தில் அளந்தார்கள். கே 43.25, 43.75. வலது கண்ணின் பழைய அளவு அப்படியே! நீளம் 23.36. வைத்த லென்ஸ் 21.0.

நேற்று சோதித்ததில் மைனஸ் 0.25. 84 படியும் கையைப் பிடிக்காமல் இறங்கினார். இறங்கி முடித்துவிட்டு, வாசல் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பதை இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லை என்று எங்களைத் திட்டினார்.

மலைரயில்வாத்தியார் (உதகை), ஜூன் 29

சுண்ணாம்பை உடனே அடித்துவிடுங்கள் தம்பி. இனி ஒன்றும் தப்பாது.

முட்டைகோஸ்மண்டி (மேட்டுப்பாளையம்), ஜூன் 30

அக்கா, சந்தோஷம். எனக்கும் ஒரு அவசரக் கேள்வி. எனக்கு மைனஸ் 9, வலது கண்ணில் புரை ஆரம்பம். நாளைக் காலை அளவு எடுக்கத் தேதி வாங்கியிருக்கிறேன். இருபது வருடமாக கெட்டி கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். நாளைக்கு அங்கே போய்க் கழற்றினால் போதும்தானே?

ஏஸ்கேன்அக்கா (குன்னூர்), ஜூன் 30

போதாது அண்ணா. கருவிழி அந்த லென்ஸின் வடிவத்துக்கே அமுங்கியிருக்கும். மெத்தென்ற லென்ஸ் என்றால் ஒரு வாரமாவது, கெட்டி லென்ஸ் என்றால் மூன்று வாரமாவது கழற்றி வைக்க வேண்டும். இருபது வருடம் என்பதால் ஒரு வாரம் இடைவெளியில் இரண்டு தடவை கே எடுத்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 9 கண்ணில் பின்பக்கம் பை மாதிரி தொங்கியிருக்கவும் கூடும், அதனால் ஆப்டிகலில்தான் அளக்க வேண்டும்.

நாளைய தேதியைத் தள்ளி வையுங்கள். லென்ஸை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். லாரியை மூன்று வாரம் வேறு யாராவது ஓட்டட்டும்.